ஓடுபாதைக் குறிகள்: தெரிந்தவர்களுக்கே இறங்கும் நேரத்தில் கண் ஏன் குழம்புகிறது?

தும்பளைத் தம்பி:

எல்லோருக்கும் வணக்கம். நான் ரத்மலானையில் செஸ்னா 152 இல் பழகுகிறேன். தனியே பறக்கும் கட்டத்துக்கு இன்னும் வரவில்லை, இப்போது லீவில் வீட்டுக்கு வந்திருக்கிறேன். போகமுன் நடந்த வகுப்பில் பயிற்றுநர் ஒரு படத்தைத் திரையில் போட்டார். இறங்க வரும் சின்ன விமானம் ஒன்றின் முன்கண்ணாடிக்குள்ளால் எடுத்தது. முன்னால் ஓடுபாதை, அதன் தொடக்கத்தில் வரிசையாக வெள்ளை அம்புகள், அம்புகள் முடியும் இடத்தில் குறுக்கே ஒரு தடித்த வெள்ளைக் கோடு, அதற்கும் அங்காலே நீளக் கோடுகள், பிறகு எண். "எந்த இடத்துக்குப் பிறகு சக்கரம் முட்டலாம்?" என்று கேட்டார்.

இருந்தவர்களில் அரைவாசிப் பேர் அம்புகள் தொடங்கும் இடத்தைக் காட்டினார்கள். இத்தனைக்கும் அதே குறியை எழுத்துப் பரீட்சையில் கேட்டபோது எல்லோரும் சரியாக எழுதியவர்கள். புத்தகத்தில் மேலிருந்து பார்த்த படமாக வந்தால் தெரிகிறது, கண்ணாடிக்குள்ளால் பார்த்தால் தெரியவில்லை.

இது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. குறி தெரியாதவன் குழம்பினால் படிக்கச் சொல்லலாம். தெரிந்தவனே குழம்பினால் என்ன சொல்வது? "வடிவாகப் பார்" என்பதைத் தவிர வேறு வழி இருக்கிறதா? பறக்கும் ஆட்கள், பறந்த ஆட்கள், விமான நிலையக் கட்டுப்பாட்டு ரவரில் இருந்த ஆட்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


ஸ்காபரோக்காரன்:

தம்பி, நல்ல கேள்வி. நான் ஊர் கோண்டாவில், இப்போது ஒன்ராறியோவில் சொந்தச் சந்தோஷத்துக்கு செஸ்னா 172 ஓட்டுகிறேன். முதலில் அந்தப் படத்தை முடித்துவிடுவோம், ஏனென்றால் வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்க வேண்டும்.

வெள்ளை அம்புகள் இருக்கும் பகுதி நல்ல தார்தான். அதிலிருந்து எழும்ப ஓடலாம், மறுபக்கத்திலிருந்து இறங்கி வந்தவர் அதில் ஓடி முடிக்கலாம். ஆனால் அந்தப் பக்கமிருந்து இறங்குகிறவர் அதில் சக்கரத்தை வைக்கக் கூடாது. இறங்குவதற்கான எல்லை அந்தக் குறுக்குக் கோட்டில்தான் தொடங்குகிறது. எங்கள் ஆட்கள் அதை திரெஷோல்ட் என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். அது உள்ளே தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

ஏன் தள்ளி வைக்கிறார்கள் என்றால் பெரும்பாலும் முன்னால் ஏதாவது உயரமாக நிற்கும். ஊர்க் கணக்கில் சொன்னால் ஓடுபாதைக்கு முன்னால் ஒரு பனங்கூடல் நிற்கிறது என்று வையுங்கள். 3 பாகைச் சரிவில் வருகிற விமானம் எல்லைக் கோட்டைக் குறிவைக்காமல் 200 மீற்றர் முன்னுக்குக் குறிவைத்தால், அதே பனைக்கு மேலால் போகும்போது பத்து மீற்றருக்கு மேல் தாழ்வாகப் போகும். அம்பைத் தவறாக வாசித்தால் தரையில் எங்கே முட்டுகிறாய் என்பதோடு விஷயம் முடியாது, அதற்கு முன்னமே எதன் மேலால் உரசிக்கொண்டு வந்தாய் என்பதும் இருக்கிறது.

அம்புக்குப் பதிலாக வி வடிவில் மஞ்சள் கோடுகள் அடுக்காக இருந்தால் அது வேறு. அந்தத் தார் எதற்கும் இல்லை. இறங்கவும் கூடாது, எழும்ப ஓடவும் கூடாது, டக்சி பண்ணவும், அதாவது தரையில் உருட்டிப் போகவும் கூடாது. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் "ஏதோ கூராக ஒன்று" என்றுதான் படும்.


கொக்குவில் மாஸ்டர்:

எனக்குப் பறப்பு தெரியாது, கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவன். ஆனால் தம்பி சொன்ன "மேலிருந்து பார்த்தால் தெரிகிறது, கண்ணாடிக்குள்ளால் தெரியவில்லை" என்பது முழுக்க முழுக்கக் கணக்கு. போட்டுப் பார்த்தேன்.

சர்வதேச விதிப்படி ஓடுபாதை எண்ணின் உயரம் குறைந்தது 9 மீற்றர். ஒரு மாடி வீட்டை விடப் பெரியது, வாசிக்காமல் விடுவது எப்படி என்று நினைப்போம். ஆனால் அது தரையில் படுத்திருக்கிறது. 3 பாகைச் சாய்வில் பார்க்கும் கண்ணுக்கு அதன் உயரம் 9 தர சைன் 3, அதாவது 47 சென்ரிமீற்றர்தான். ஒரு முழத்துக்குச் சற்றுக் கூட.

இப்போது கண்ணுக்கு வருவோம். கண் பரிசோதிக்கும் அட்டையில் 6/6 வரியின் எழுத்து ஏறத்தாழ 9 மில்லிமீற்றர் உயரம், அதை 6 மீற்றரில் வாசித்தால் கண் நல்லது என்கிறார்கள். அதே விகிதத்தில் 47 சென்ரிமீற்றர் எழுத்தை எவ்வளவு தூரத்திலிருந்து வாசிக்கலாம் என்று பார்த்தால் சுமார் 320 மீற்றர். அதுவும் நல்ல கண், நல்ல வெளிச்சம், புதுப் பெயின்ற்.

60 நொட் வேகத்தில் வரும் சின்ன விமானம் விநாடிக்கு 31 மீற்றர் போகும். ஆக அந்த எண்ணை உண்மையாக வாசிக்கத் தொடங்கும்போது அதை அடையப் பத்து விநாடிதான் இருக்கிறது. உயரம் 55 அடிக்குக் கிட்ட. அதற்கு முன் அவருக்குத் தெரிவது வெள்ளையாக ஏதோ ஒன்று மட்டும். அந்த வெள்ளை என்ன என்று சொல்வது கண் இல்லை, மனம்.

வீதியில் "மெதுவாகச் செல்" என்று எழுதும்போது எழுத்தை இழுத்து நீட்டி எழுதுகிறார்களே, நின்று பார்த்தால் அசிங்கமாகவும் மோட்டார் சைக்கிளில் வரும்போது அளவாகவும் தெரியும், அதே தந்திரம்தான் இங்கேயும். 9 மீற்றர் உயர எண்ணின் அகலம் 3 மீற்றர் அளவுதான். அப்படி நீட்டியும் போதவில்லை.


தும்பளைத் தம்பி:

மாஸ்டர், இதை ஒருவரும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை. பத்து விநாடி என்றால் அந்த நேரத்தில் நாங்கள் வேகம் பார்க்கிறோம், இறக்கையின் பின்விளிம்பில் இறக்கும் ஃபிளாப் பார்க்கிறோம், பக்கக் காற்றுக்குக் கால் கொடுக்கிறோம். எண்ணை வாசிக்க யாருக்கு நேரம்?


பழைய ரவர்க்காரன்:

மாஸ்டர் கணக்கில் சொன்னதை நான் ரவர்க் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பல வருஷம் பார்த்தவன். விமானி வானொலியில் சரியாகச் சொல்வார், இறங்க அனுமதித்த ஓடுபாதையைத் திருப்பிச் சொல்வார், குரலில் ஒரு தடுமாற்றமும் இராது. எனவே ரவரில் இருக்கிறவருக்கும் சந்தேகம் வராது. வாய் சொன்னதும் கண் தேடிப் பிடித்ததும் வேறு வேறு என்பது விமானம் மிகக் கிட்ட வந்த பிறகுதான் தெரியும்.

எல்லோருக்கும் தெரிந்த ஒரு சம்பவம் சொல்கிறேன். 2017 பெப்ரவரி 13, கலிபோர்னியாவில் ஜோன் வேய்ன் விமான நிலையம். நடிகர் ஹரிசன் ஃபோர்ட் தன் சின்ன ஹஸ்கி விமானத்தில் வருகிறார். ஓடுபாதை 20 இடதில், அதாவது சமாந்தரமான இரண்டில் இடப்பக்கத்ததில், இறங்க அனுமதி, அவரும் அதைச் சரியாகத் திருப்பிச் சொன்னார். ஆனால் இறங்கியது டக்சிவேயில், அதாவது விமானங்கள் ஓடுபாதைக்கு உருண்டு போய்வரும் பாதையில். அங்கே புறப்படக் காத்திருந்த போயிங் 737 இன் தலைக்கு மேலால் வந்து இறங்கினார். அதில் பயணிகள் மட்டும் 110 பேர். அவர் அனுபவம் இல்லாத ஆள் இல்லை, பல பத்து வருஷங்களாக விமானம் ஓட்டுகிறவர். ஓடுபாதைக் குறி வெள்ளை, டக்சிவேக் குறி மஞ்சள் என்பது அவருக்குத் தெரியாதா? முதல் வாரத்தில் படிக்கும் பாடம் அது.

அந்த இடத்தில் நீண்ட அகலமான ஓடுபாதை ஒன்றும் பக்கத்திலேயே கட்டையான ஒடுங்கின ஓடுபாதை ஒன்றும் இருக்கின்றன. ஒடுங்கினதைத் தேடும் கண்ணுக்கு டக்சிவேயும் ஒடுங்கினதாகத்தான் தெரியும். இறங்கின பிறகுதான் "அந்தப் பெரிய விமானம் எனக்குக் கீழே நிற்க வேண்டியதுதானா?" என்ற மாதிரி ரவரிடம் கேட்டார்.


வடமராட்சி வாசகி:

நான் விமானம் ஓட்டுகிற ஆள் இல்லை, பலாலியில் இருந்து சென்னைக்கு அடிக்கடி போய்வருகிறவள். வாசிக்கப் பயமாக இருக்கிறது. சின்ன விமானத்தில் ஒருவர் தனியே இருப்பார், குழம்பலாம். பெரிய விமானத்தில் இரண்டு விமானிகள், கணினி எல்லாம் இருக்கும்தானே. அங்கேயுமா?


ராமேஸ்வரத்தான்:

அங்கேயும்தான். உங்களுக்கு ரொம்பத் தூரமில்லாத உதாரணம், 2018 செப்டம்பர் 7. திருவனந்தபுரத்திலிருந்து மாலே போன ஏர் இந்தியா ஏ320, அங்கே திறந்திருந்த ஓடுபாதையை விட்டுவிட்டுப் பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த புது ஓடுபாதையில் இறங்கியது. இரண்டு விமானிகள், பகல் நேரம். டயர் வெடித்ததோடு போயிற்று, உயிர்ச்சேதம் இல்லை.

யோசித்துப் பாருங்கள், புதுத் தார் கறுப்பாக, அகலமாக, சுத்தமாக இருக்கும். பழையது வெளிறிப்போய் ரப்பர் அப்பியிருக்கும். கண் எதை "ஓடுபாதை" என்று எடுத்துக்கொள்ளும்?


பழைய ரவர்க்காரன்:

ஓம், அதே கதைதான் சான் பிரான்சிஸ்கோவில் 2017 ஜூலையில். அது நடந்திருந்தால் எவ்வளவு பெரிய அழிவு என்று நினைத்தாலே நெஞ்சு பதறும். எயார் கனடா 759, இரவு. 28 வலதில் இறங்க வேண்டும். பக்கத்து 28 இடது அன்று இரவு மூடப்பட்டு விளக்குகள் அணைக்கப்பட்டிருந்தன. விமானிகளின் மனதில் இருந்த படம் "இரண்டு ஓடுபாதை, அதில் வலதுபக்கம் எங்களுடையது". ஒன்றை அணைத்துவிட்டால் அந்தப் படம் ஒரு படி வலதுக்கு நகர்ந்துவிடுகிறது. 28 வலதை இடது என்று எடுத்து, அதற்கு வலப்பக்கம் இருந்த டக்சிவேயைத் தங்கள் ஓடுபாதை என்று எடுத்து இறங்கி வந்தார்கள். அந்த டக்சிவேயில் எரிபொருளும் ஆட்களும் நிறைந்த நான்கு விமானங்கள் வரிசையில் நின்றன.

வந்த விமானம் ஏறத்தாழ 60 அடி உயரம் வரை இறங்கி மறுபடி எழும்பியது. அறுபது அடி! நின்ற விமானங்களின் வால் உயரத்தை நினைத்துப் பாருங்கள். கீழே நின்ற ஒரு விமானி வானொலியில் சத்தம் போட்டார், அதே நேரத்தில் மேலே இருந்தவர்களுக்கும் ஏதோ பிழை என்று பட்டு எழும்பத் தொடங்கியிருந்தார்கள்.

28 இடது மூடப்பட்ட விஷயம் விமானிகளுக்குக் கொடுத்த அறிவித்தலில் இருந்தது. ஆனால் பக்கம் பக்கமாக நீண்ட கட்டுக்குள் ஒரு வரியாக. அந்த அறிவித்தல் முறையைப் பற்றி விசாரணைக் குழுவில் இருந்தவர்களே கடுமையாகக் கதைத்தார்கள். இன்னொன்றும் இருந்தது: கண்ணுக்குத் துணையாக அந்த ஓடுபாதையின் கருவி அலைவரிசையைப் போட்டு வைத்திருந்தால் அது நடுக்கோட்டிலிருந்து விலகி நிற்பதைக் காட்டியிருக்கும். போடவில்லை.


தும்பளைத் தம்பி:

அப்படியென்றால் கண்ணோடு இன்னொரு சாட்சியைச் சேர்ப்பதுதான் வழியா? சின்ன விமானத்தில் எங்களிடம் இருப்பது திசைகாட்டி. ஓடுபாதை எண் என்பது காந்தத் திசையைப் பத்தால் வகுத்துக் கிட்டிய முழு எண்ணாக்கியது. 05 என்றால் ஏறத்தாழ 50 பாகை, 23 என்றால் 230. கடைசிக் கட்டத்தில் மூக்கு எந்தத் திசையைப் பார்க்கிறது என்று ஒருக்கால் பார்த்தால் போதாதா?


ராமேஸ்வரத்தான்:

போதும் என்பது என் கருத்து. விமானம் ஓட்டும் நண்பர்கள் எனக்கு உண்டு, எண்ணும் திசையும் பொருந்தாவிட்டால் இறங்காதே என்பதுதான் அவர்கள் முதல் பாடம். சென்னையில் 07/25, 12/30 என்று இரண்டு ஓடுபாதைகள் ஒன்றையொன்று வெட்டுகின்றன. திசையைப் பார்த்தால் எது எது என்று குழப்பமே வராது.

2006 இல் அமெரிக்காவில் லெக்சிங்டனில் காமேர் விமானம் விடியுமுன் இருட்டில் 22 க்குப் பதிலாகக் கட்டையான 26 இல் எழும்ப ஓடி 49 பேர் இறந்தார்களே, திசைகாட்டியை ஒருமுறை பார்த்திருந்தால் 40 பாகை வித்தியாசம் தெரிந்திருக்கும்.


ஸ்காபரோக்காரன்:

லெக்சிங்டனுக்கு அது சரி. ஆனால் "போதும்" என்பதோடு நான் ஒத்துப்போகமாட்டேன், மன்னிக்க வேண்டும். மேலே அண்ணை சொன்ன இரண்டு சம்பவத்தையும் எடுங்கள். டக்சிவே ஓடுபாதைக்குச் சமாந்தரமாக ஓடுகிறது. திசைகாட்டி இரண்டிலும் ஒன்றையே காட்டும். மாலேயிலும் புதியதும் பழையதும் பக்கத்துப் பக்கத்தில். திசையைப் பார்த்துவிட்டு "சரி, பொருந்துகிறது" என்று நினைத்தால் பிழையான முடிவு இன்னும் உறுதிப்படும். எனக்குப் பயம் அதில்தான்.

எண்ணும் அப்படித்தான். ஊரையே எடுங்கள். ரத்மலானை 04/22, கட்டுநாயக்காவும் 04/22. பலாலி 05/23, மத்தலையும் 05/23. எங்கள் ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் ஒரு ஓடுபாதை 05/23, எல்லைக்கு அங்காலே பஃபலோவிலும் அதே எண், என்ன, அமெரிக்காவில் முன்னால் சைபர் போடமாட்டார்கள், வெறும் 5 என்றுதான் தரையில் இருக்கும். எண் பொருந்துவதால் இடம் பொருந்திவிட்டது என்று ஆகாது.


ராமேஸ்வரத்தான்:

இது நல்ல பாயிண்ட். உடனே மும்பைதான் நினைவுக்கு வருகிறது. 1972 இல் ஜப்பான் ஏர்லைன்ஸ் டிசி-8 சாந்தாகுரூஸ் விமான நிலையத்துக்குப் பதிலாகப் பக்கத்துச் சின்ன நிலையமான ஜூஹூவில் இறங்கியது. ஒன்று 09/27, மற்றது 08/26, பத்துப் பாகைதான் வித்தியாசம், தூரமும் பக்கம். அந்தக் கட்டை ஓடுபாதையில் நிற்காமல் ஓடிப்போய் விமானம் சேதமானது. சரி, "போதும்" என்பதை வாபஸ் வாங்குகிறேன். "முதலில் அதைப் பார்" என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணே மாறவும் செய்யும், அதையும் சொல்லிவிடுகிறேன். பூமியின் காந்த வடக்கு நகர்வதால் லண்டன் ஸ்டான்ஸ்டெட் ஓடுபாதை 2009 இல் 05/23 என்பதிலிருந்து 04/22 ஆனது. தார் அசையவில்லை, பெயின்ட் மட்டும் மாறியது. பழைய வரைபடத்தோடு வந்தவருக்கு அன்றைக்கு எப்படி இருந்திருக்கும்?


ஸ்காபரோக்காரன்:

கனடாவின் வட துருவப் பக்கத்தில் காந்தத் திசையே நம்ப முடியாததால் ஓடுபாதை எண்களை உண்மை வடக்கை வைத்துத்தான் போடுகிறார்கள். இது பேச்சோடு பேச்சாக.

தம்பிக்கு முக்கியமானது வேறு. செஸ்னா 152 இல் நீங்கள் பார்க்கும் திசைக் கருவி கைரோவில், அதாவது வேகமாகச் சுழலும் சக்கரத்தில், ஓடுகிறது. அது மெல்ல மெல்ல விலகும். கால் மணிக்கு ஒருதடவை காந்தக் கம்பஸோடு ஒப்பிட்டுத் திருத்தாவிட்டால் அந்தச் சாட்சியே பொய் சொல்லும். அதுவும் திரும்பாமல் நேராக, மட்டமாகப் பறக்கும்போதுதான் ஒப்பிட வேண்டும்.


வடமராட்சி வாசகி:

ஒரு சின்னச் சந்தேகம். பலாலியில் எந்தப் பக்கமிருந்து இறங்குவார்கள்? சில நாள் கடலுக்கு மேலால் வந்து இறங்குகிறது, சில நாள் ஊருக்கு மேலால்.


பழைய ரவர்க்காரன்:

காற்றைப் பொறுத்தது தங்கச்சி. விமானம் காற்றுக்கு முகம் கொடுத்துத்தான் இறங்கும். சோளகம் வீசும் காலத்தில் காற்று தென்மேற்கிலிருந்து வரும், அப்போது 23 இல், அதாவது கடல் பக்கமிருந்து தரைக்குள் நோக்கி. வாடை காலத்தில் 05 இல், ஊருக்கு மேலால் வந்து கடலைப் பார்த்துக்கொண்டு. இடைப்பட்ட மாதங்களில் ஒரே நாளில் மாறவும் கூடும்.

இதில் ஒரு குழப்பமும் இருக்கிறது. கடலுக்கு மேலால் வரும்போது உயரத்தை மட்டுக்கட்ட மரமோ வீடோ எதுவும் இல்லை. வெறும் நீலம். விமானம் இருக்கும் உயரத்தை விடக் கூட உயரத்தில் இருப்பதாகத் தோன்றி, விமானி தன்னை அறியாமல் தாழ்த்திக்கொண்டு வருவார். அந்த நேரத்தில் ஓடுபாதை ஓரத்தில் நின்று இறங்கும் சரிவைக் காட்டும் பாப்பி விளக்கு இருக்கும் நிலையம் என்றால் அதைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு வெள்ளை இரண்டு சிவப்பு சரியான சரிவு, நான்கும் சிவப்பு என்றால் மிகத் தாழ்வு.


கொக்குவில் மாஸ்டர்:

வாடை என்றதும் தைப்பொங்கல் நேரத்து வல்வெட்டித்துறைப் பட்டங்கள்தான் நினைவு வருகின்றன. வானத்தில் அவ்வளவு பெரிய பட்டங்கள் நிற்கும்போது விமானியின் கண் ஓடுபாதையை விட்டு அங்கே போகாதா?


பழைய ரவர்க்காரன்:

போகும் மாஸ்டர். அதனால்தான் எந்த விமான நிலையத்தைச் சுற்றியும் பட்டத்துக்கும் ட்ரோனுக்கும் கட்டுப்பாடு. கயிறு எஞ்சினில் சிக்குவது ஒரு ஆபத்து. அதோடு, மாஸ்டர் சொன்ன அந்தப் பத்து விநாடியில் இரண்டைப் பட்டம் எடுத்துக்கொண்டால் மிச்சம் எட்டு.


கோண்டாவில் வெற்றிலை:

பலாலியில் ஓடுபாதையை நீட்டினால் பெரிய விமானம் வரும், இப்போது ஏடிஆர் என்ற சின்னப் பயணிகள் விமானம் மட்டும்தானே. அதைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லையே?


பழைய ரவர்க்காரன்:

அது சனங்களின் காணியோடு சம்பந்தப்பட்ட பெரிய கதை தம்பி. அதற்கு உரிய மரியாதையோடு தனி இழை திறந்து கதைப்போம். இங்கே கலக்க வேண்டாம்.


தும்பளைத் தம்பி:

அண்ணைமாரே, நீங்கள் சொன்னதை எல்லாம் திரும்பத் திரும்ப வாசித்தேன். திசை தனியே போதாது, எண் தனியே போதாது, பெயின்ற் கிட்ட வந்தால்தான் தெரியும், அப்போது நேரம் இல்லை. பிறகு எப்போது பார்ப்பது?


ஸ்காபரோக்காரன்:

நேரே இறங்க வரும்போது பார்க்காதே, அதற்கு முன்னம் பார். இதுதான் என் முழு விடையும்.

ஓடுபாதைக்குச் சமாந்தரமாக, எதிர்த் திசையில், ஆயிரம் அடி உயரத்தில் பறக்கிறீர்கள்தானே, அந்த டவுண்விண்ட் கட்டத்தில் ஓடுபாதை முழுக்க உங்கள் தோளுக்குக் கீழே விரிந்து கிடக்கிறது. அவசரம் இல்லை. அப்போது ஒரு முனையிலிருந்து மறு முனை வரை கண்ணை ஓட விடுங்கள். எங்கே அம்பு இருக்கிறது, குறுக்குக் கோடு எங்கே, மூடியதைக் காட்டும் பெருக்கல் குறி எங்காவது போட்டிருக்கிறதா, வேலை செய்யும் லொறி, மண் கும்பி ஏதாவது நிற்கிறதா, டக்சிவே எந்தப் பக்கம் ஓடுகிறது. பிறகு வாயைத் திறந்து உங்களுக்கே சொல்லுங்கள்: "ஓடுபாதை இடது, டக்சிவே வலது, அம்புக்கு அங்காலே இறங்க வேண்டும்." நான் தனியே பறக்கும்போதும் சத்தமாகத்தான் சொல்கிறேன். கடைசிக் கட்டத்துக்குத் திரும்பும்போது கண் புதிதாகத் தேடாது, சொன்னதைச் சரிபார்க்கும்.

கனடாவில் ரவர் இல்லாத நிலையங்களில் ஓடுபாதையின் நடுவுக்கு மேலால் குறுக்கே கடந்து டவுண்விண்டில் சேர்வது வழக்கம். அப்படிக் கடக்கும்போது தலைக்கு நேர் கீழே எல்லாம் புத்தகத்துப் படம் போலவே தெரியும். பனிக்காலத்தில் குறிகள் வெள்ளையோடு வெள்ளையாக மறைந்துவிடும், அப்போது விளக்கும் ஓரக் கம்பங்களும்தான் துணை.


கொக்குவில் மாஸ்டர்:

இதற்கும் கணக்கு இருக்கிறது. ஆயிரம் அடி உயரம், பக்கவாட்டில் ஒரு கிலோமீற்றர் என்று எடுத்தால் பார்க்கும் சாய்வு 17 பாகை. மூடிய ஓடுபாதையில் போடும் பெருக்கல் குறி 36 மீற்றர் நீளம். நேரே 3 பாகையில் வருபவருக்கு அது இரண்டு மீற்றருக்குக் கீழே தட்டையாக நசிந்து தெரியும். பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு நீளம் 36 மீற்றரும் அப்படியே தெரியும், அகலம்தான் சுருங்கும். எண்ணை அங்கிருந்தும் வாசிக்க முடியாது, ஏனென்றால் அது பக்கவாட்டில் படுத்திருக்கிறது. ஆனால் அம்பும் பெருக்கலும் தப்பாது.


பழைய ரவர்க்காரன்:

மாஸ்டரின் பெருக்கல் குறிக்கு ஒரு சேர்க்கை. சர்வதேச விதிப்படி மூடிய ஓடுபாதையில் அது வெள்ளை, மூடிய டக்சிவேயில் மஞ்சள். அமெரிக்காவில் ஓடுபாதையிலும் மஞ்சள்தான் போடுகிறார்கள். நிறத்தை நம்பி "இது டக்சிவேக்கு உரியது" என்று முடிவெடுக்க வேண்டாம்.

பெருக்கல் குறி இல்லாததால் திறந்திருக்கிறது என்றும் எடுக்க வேண்டாம். 2000 ஒக்டோபர் 31, தாய்ப்பேயில் சிங்கப்பூர் எயார்லைன்ஸ் எஸ்கியூ 006, புயல் மழை இரவு. 05 இடதில் எழும்ப வேண்டியவர்கள் திருத்த வேலைக்காகப் பகுதியாக மூடியிருந்த 05 வலதில் எழும்ப ஓடி இயந்திரங்களில் மோதினார்கள். 83 பேர் இறந்தார்கள். அந்த ஓடுபாதை முனையில் மூடியதற்கான குறி போட்டிருக்கவில்லை. எண்ணும் 05, திசையும் ஒன்று. விமானிகளில் பிழை இருந்தது, ஆனால் நிலையத்திலும் பிழை இருந்தது. பெயின்ற் பூசுகிறவர், பூசச் சொல்கிறவர், அறிவித்தல் எழுதுகிறவர், எல்லோரும் இந்த விஷயத்தில் பங்காளிகள். "விமானி வடிவாகப் பார்த்திருக்க வேண்டும்" என்று மட்டும் சொல்லி முடிப்பதை நான் ஒருநாளும் ஏற்கவில்லை.


ஸ்காபரோக்காரன்:

நூறு வீதம் உண்மை அண்ணை.

தம்பி, அகலத்தையும் விட்டுவிடாதே. பழகின ஓடுபாதையை விட ஒடுங்கினதில் இறங்கப் போனால் உயரத்தில் நிற்பதாகத் தோன்றும், தாழ்த்திவிடுவாய். அகலமானதில் நேர்மாறு. எல்லைக் கோட்டுக்கு அங்காலே இருக்கும் நீளக் கோடுகளை எண்ணினால் அகலம் தெரியும்: 23 மீற்றருக்கு 6, 30 மீற்றருக்கு 8, 45 மீற்றருக்கு 12. ஆனால் அதைக் கடைசிக் கட்டத்தில் எண்ண வேண்டாம். புறப்படமுன் வரைபடத்தில் பார்த்துவிட்டு, நான் பழகினதை விட ஒடுக்கமா அகலமா என்று மட்டும் மனதில் வைத்துக்கொள்.


தும்பளைத் தம்பி:

கடைசியாக ஒன்று, ரவர் அண்ணையிடம். டவுண்விண்டில் பார்த்தாயிற்று, திரும்பியும் ஆயிற்று, ஆனாலும் முன்னால் தெரிவது நான் நினைத்தது மாதிரி இல்லை. பழகுகிற பெடியன் ரவரிடம் "இது சரியான ஓடுபாதையா?" என்று கேட்டால் என்ன நினைப்பார்கள்? எங்கள் ஆட்களில் பலர் கேட்க வெட்கப்பட்டே பேசாமல் இறங்குகிறார்கள், அதைக் கண்ணால் பார்க்கிறேன்.


பழைய ரவர்க்காரன்:

தம்பி, ரவரில் இருப்பவருக்கு உங்கள் கேள்வி தொல்லை இல்லை. நான் இருந்த காலத்தில் கேட்ட விமானி ஒருவரைக்கூடக் குறைவாக நினைத்தது கிடையாது. கேட்காமல் வந்தவர்களை நினைத்துத்தான் நித்திரை கெட்டது.

ஆனால் ஒழுங்கு முக்கியம். 500 அடிக்கு மேலே சந்தேகம் வந்தால் கேளுங்கள், உங்கள் அழைப்புக் குறியைச் சொல்லி, எந்த ஓடுபாதைக்கு அனுமதி என்று உறுதிப்படுத்தச் சொல்லுங்கள், நான் ஓடுபாதையோடு நேராக வருகிறேனா என்றும் கேட்கலாம், பகலில் ரவர் தூரக்கண்ணாடியால் பார்த்துச் சொல்லும். அதற்குக் கீழே வந்த பிறகு சந்தேகம் வந்தால் முதலில் கேட்க வேண்டாம். திறொட்டிலை, அதாவது எஞ்சின் விசையை, முழுதாகக் கொடுத்து எழும்புங்கள், விமானம் ஏறத் தொடங்கிய பிறகு "கோ அரவுண்ட்" என்று ஒரு சொல் சொன்னால் போதும். காரணம் யாரும் கேட்கமாட்டார்கள், சுற்றி வர இடம் செய்து கொடுப்பார்கள். காரணத்தைத் தரையில் நின்று ஆறுதலாகச் சொல்லலாம்.


தும்பளைத் தம்பி:

நன்றி அண்ணை. லீவு முடிந்து போனதும் பயிற்றுநரிடம் இரண்டு விஷயம் கேட்கப் போகிறேன். ஒன்று, வகுப்பில் காட்டும் குறிகள் எல்லாவற்றையும் மேலிருந்து பார்த்த படமாக இல்லாமல் 3 பாகையில் பார்த்த படமாகவும் காட்ட முடியுமா என்று. மற்றது, ஒரு சுற்று முழுக்க இறங்காமல், டவுண்விண்டில் ஓடுபாதையைச் சத்தமாக வாசிக்க மட்டும் விடுவாரா என்று. மாஸ்டரின் கணக்கை அச்சடித்துக் கொண்டுபோகலாம்தானே மாஸ்டர்?


கொக்குவில் மாஸ்டர்:

தாராளமாக. 5 பாகைக்கும் போட்டு அனுப்புகிறேன், சின்ன விமானங்கள் அவ்வளவு செங்குத்தாகவும் வருமாம். அப்போது 320 மீற்றர் என்பது 530 க்குக் கிட்டப் போகும், விநாடி பதினேழாகும்.